யாருடைய கடனை யார் தள்ளுபடி செய்யலாம்?

குறைந்தபட்ச ஊதியம், வரி, அரசின் எல்லை ஆகிய மூன்றும் பொருளியல் பாடநூல்களில் தனித்தனி இயல்களாக இடம்பெற்றாலும், அறவியலில் அவற்றைப் பிரித்து வைப்பது கடினம். உழைத்தவருக்கு வேலை கொடுத்தவர் தரவேண்டியது ஊதியம். குடிமக்கள் அரசுக்குத் தரவேண்டியது வரி. இவ்விரு கடன்களும் ஒழுங்காகத் தீர்க்கப்படுகின்றனவா என்று பார்ப்பது அரசின் பணி. ஆகவே இவை பற்றிய விவாதம் இறுதியில் ஒரே கேள்விக்கு வந்து சேர்கிறது: இந்தக் கடன்களில் எதை, யார் தள்ளுபடி செய்யலாம்? சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தைச் சுற்றியுள்ள புறநகர்ப் பகுதியில் இக்கேள்வி ஏட்டளவில் நின்றுவிடாமல், கடந்த நாற்பது ஆண்டுகளாகத் தொழிற்கூட வாசல்களிலும் உள்ளாட்சி அலுவலகங்களிலும் எழுந்தவண்ணம் இருக்கிறது.

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தை அடுத்து, ஜி.எஸ்.டி. சாலையோரம் ஏறத்தாழ 260 ஏக்கரில் அமைந்துள்ள தொழில் வளாகத்தை அப்பகுதி மக்கள் 'மெப்ஸ்' என்றே அழைக்கின்றனர். 1984-ல் சென்னை ஏற்றுமதி மண்டலமாகத் தொடங்கப்பட்ட இது, 2003-ல் சிறப்புப் பொருளாதார மண்டலமாக மாற்றப்பட்டது. சிறப்புப் பொருளாதார மண்டலம் என்பது, வணிகத்துக்கும் சுங்கத் தீர்வைக்கும் மட்டும் நாட்டின் எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சட்டம் கருதிக்கொள்ளும் நிலப்பகுதி. 2005-ஆம் ஆண்டின் மண்டலச் சட்டத்தையொட்டி, 2020-க்கு முன் பணியைத் தொடங்கிய நிறுவனங்களுக்கு அவற்றின் ஏற்றுமதி லாபத்தில் முதல் ஐந்தாண்டுகளுக்கு முழுமையாகவும், அடுத்த ஐந்தாண்டுகளுக்குப் பாதியளவிலும் வருமான வரி விலக்குத் தரப்பட்டது. செங்கல்பட்டு, கூடுவாஞ்சேரி, வண்டலூர் பக்கங்களிலிருந்து காலை நேர மின்சார ரயில்களில் வந்திறங்கி, ஆயத்த ஆடைத் தையல் கூடங்களுக்கும் மின்னணுக் கூடங்களுக்கும் செல்லும் பெண்களுக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பதே இந்த வரித் தள்ளுபடிக்குச் சொல்லப்பட்ட நியாயம்.

அதே சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு வரம்பும் உண்டு. நாட்டின் ஏனைய சட்டங்களிலிருந்து மண்டலங்களுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசுக்குத் தரும் 49-ஆம் பிரிவு, தொழிற்சங்கம், தொழில் தகராறு, தொழிலாளர் நலன், வருங்கால வைப்பு நிதி முதலியவற்றுக்கு அந்த அதிகாரம் செல்லாது என்று உடனே நிபந்தனை விதிக்கிறது. வரியை விட்டுக்கொடுக்கலாம், தொழிலாளரின் உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது என்பதே இதன் பொருள். சட்டத்தை வரைந்தவர்கள் அரசியல் நெருக்கடியால் இதைச் சேர்த்திருக்கக்கூடும். ஆயினும் அதனடியில் தெளிவான ஓர் அறக்கொள்கை இருக்கிறது. தனக்கு வரவேண்டிய பாக்கியை ஒருவர் மன்னிக்கலாம். மூன்றாமவருக்கு வரவேண்டியதை மன்னிக்க அவருக்கு உரிமை கிடையாது.

இந்தக் கொள்கை பழைய சிந்தனை மரபுகளுக்கு அந்நியமானதன்று. பௌதாயன தர்ம சூத்திரம், விளைவில் ஆறில் ஒரு பங்கைப் பெறும் அரசன் அதற்கு ஈடாகக் குடிகளைக் காக்க வேண்டும் என்று கூறும்போது, அப்பங்கை அவனுக்குரிய கூலியாகவே கருதுகிறது. அந்தக் கணக்கில் அரசனும் கூலி பெறுபவனே. காவல் என்னும் வேலையைச் செய்யாத அரசன், வேலை செய்யாமல் சம்பளம் வாங்கியவனாகிறான். திருக்குறளின் கொடுங்கோன்மை அதிகாரம் இன்னும் கடுமையாக, கோலேந்தி நின்று குடிகளிடம் பொருள் கேட்பவனை வழிப்பறிக்காரனோடு ஒப்பிடுகிறது. புறநானூற்றின் 35-ஆம் பாட்டு, வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம் தம் நிலத்தின் வரிப் பாக்கியைத் தள்ளுபடி செய்வித்துக்கொண்ட பாட்டாகும். போரில் கிடைக்கும் வெற்றியும் உழவரின் உழைப்பிலிருந்தே பிறக்கிறது என்பது அங்கே புலவர் வைக்கும் வாதம். பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொன்ன, வயலில் புகுந்த யானையைப் பற்றிய 184-ஆம் பாட்டு நாடாளுமன்ற வரவு செலவு உரை வரைக்கும் எட்டியிருக்கிறது. வரி குறைவாக இருக்க வேண்டும் என்பதற்கு அப்பாட்டைச் சான்று காட்டுவது வழக்கம். உண்மையில் அது அளவைவிட முறையையே பேசுகிறது. அறுத்து, கவளமாக்கி ஊட்டினால் சிறு நிலத்தின் நெல்லே யானைக்குப் பலநாள் போதும் என்பதில், யானை உண்ணக் கூடாது என்ற கருத்தே இல்லை.

வரியும் உழைப்பும் நேரடியாக ஒன்றோடொன்று மோதிய இடமும் தமிழக வரலாற்றில் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் கடமை, குடிமை முதலியவற்றோடு சேர்த்து 'வெட்டி' என்ற ஒன்றும் குறிக்கப்படுகிறது. ஊதியமின்றி வாங்கிக்கொள்ளப்படும் கட்டாய உழைப்பு அது. முதலாம் குலோத்துங்கன் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று போற்றப்பட்டவன். வணிகர்க்குச் சுங்கம் தவிர்க்கப்பட்ட காலத்திலும் உழைப்பவரின் வெட்டி முற்றாக ஒழிந்துவிடவில்லை என்பதைக் கருதும்போது, வரித் தள்ளுபடியின் பயன் யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று கேட்பது இன்றைக்கு மட்டும் உரிய கேள்வியாகத் தோன்றவில்லை.

கட்டாய உழைப்பு என்னும் கருத்தைப் பற்றி 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒன்றுக்கொன்று நேரெதிரான இரு முடிவுகள் எட்டாண்டு இடைவெளியில் முன்வைக்கப்பட்டன. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ராபர்ட் நாசிக் 1974-ல் வெளியிட்ட நூலில், உழைத்து ஈட்டிய வருமானத்தின்மீது விதிக்கப்படும் வரி கட்டாய உழைப்புக்கு நிகரானது என்று வாதிட்டார். ஒரு மனிதரின் சில மணி நேர உழைப்பின் பயனை அவர் ஒப்புதலின்றிப் பிறருக்காக எடுத்துக்கொள்வதும், அத்தனை மணி நேரம் அவரைப் பிறருக்காக வேலை வாங்குவதும் ஒன்றே என்பது அவர் தர்க்கம். இந்திய உச்ச நீதிமன்றமோ 1982-ல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்கள் தொடர்பான வழக்கில், குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழாகக் கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்றும், அது அரசியலமைப்பின் 23-ஆம் உறுப்பை மீறுவது என்றும் தீர்ப்பளித்தது. சாட்டையும் சங்கிலியும் இருந்தால்தான் கட்டாயம் என்பதில்லை, பசியும் வறுமையும் வேறு வழியின்மையும்கூடக் கட்டாயமே என்பது நீதிபதி பி.என். பகவதி அதற்குத் தந்த விளக்கம்.

இவ்விரு வாதங்களும் சுதந்திரத்தின் பெயராலேயே பேசுகின்றன. அவை பிரிவது கட்டாயம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான். நாசிக்கின் பார்வையில் அரசின் கை ஒன்றே கட்டாயப்படுத்தும் கை. ஆகவே அது விலகினால் மீதியெல்லாம் விருப்பத்தின்பாற்பட்ட ஒப்பந்தமாகிவிடும். பகவதியின் பார்வையில், பேரத்துக்கு வருமுன்பே ஒரு தரப்பு பசியால் பிணிக்கப்பட்டிருக்கிறது. அரசு விலகி நின்றால் அந்தப் பிணிப்பு அவிழாது, இறுகும். நாசிக்கின் வாதத்தில் ஓர் உண்மை உண்டு: வரி செலுத்துபவரின் உழைப்பு அரசின் சொத்தன்று, எனவே அதை எடுப்பதற்கு ஒவ்வொரு முறையும் நியாயம் காட்டியாக வேண்டும். ஆனால் அந்த நியாயத்தைக் கேட்கும் உரிமை வருமான வரி செலுத்துபவருக்கு மட்டும் உரியது என்று கொள்வது பிழை. வருமான வரி வரம்பை ஒருநாளும் எட்டாத தையல் தொழிலாளி, தன் செல்பேசிக்குக் கட்டணம் செலுத்தும்போது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரியைச் சேர்த்தே செலுத்துகிறார். மெப்ஸ் வாசலுக்கு வெளியே உள்ள கடைகளில் அவர் வாங்கும் பல பொருள்களின் விலையிலும் வரி அடங்கியிருக்கிறது. தம்மை வேலைக்கு வைத்த நிறுவனம் வரி விலக்குப் பெற்ற ஆண்டுகளிலும் அவர் வரி செலுத்திக்கொண்டுதான் இருந்தார்.

குறைந்த கூலிக்கு ஒருவர் மனமுவந்து சம்மதித்தால் அதைத் தடுக்க அரசு யார் என்ற வினா இங்கே எழுவது இயல்பு. 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் தன் 25-ஆம் பிரிவில், குறைந்தபட்ச ஊதியத்தைத் தொழிலாளியே விட்டுக்கொடுத்து எழுதித் தரும் ஒப்பந்தம் செல்லாது என்று கூறியது. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால், வளர்ந்த மனிதரைக் குழந்தையாக நடத்தும் தந்தைமைப் போக்காக இது தோன்றும். ஆயினும் சுதந்திரத்தின் பெரும் வழக்கறிஞரான ஜான் ஸ்டூவர்ட் மில்கூட, தன்னை அடிமையாக விற்றுக்கொள்ளும் சுதந்திரம் எவருக்கும் இல்லை என்று 1859-ல் எழுதினார். மேலும், ஒரு தொழிலாளி கூலியைக் குறைத்துக்கொள்ளச் சம்மதிக்கும்போது அவர் விட்டுக்கொடுப்பது தம் பங்கை மட்டுமன்று. அடுத்த தையல் எந்திரத்தில் அமர்ந்திருப்பவருக்குரிய விலையையும் சேர்த்தே குறைக்கிறார். தனக்கே உரியதை மன்னிக்கலாம் என்ற விதி இங்கு பொருந்தாமல் போவதற்குக் காரணம் இதுவே.

சமய மரபுகள் பலவும் கூலியைத் தானத்தின் வரிசையில் வைக்காமல் கடனின் வரிசையில் வைத்திருப்பது கவனத்துக்குரியது. இஸ்லாமிய மரபில் தொழிலாளியின் வியர்வை காயுமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நபிமொழி பரவலாக அறியப்பட்டது. மத்தேயு நற்செய்தியின் திராட்சைத் தோட்ட உவமையில், காலையில் வந்தவருக்கும் மாலையில் ஒரு மணி நேரமே உழைத்தவருக்கும் தோட்டக்காரர் ஒரே நாள் கூலியைத் தருகிறார். இறையருளைப் பற்றிய இவ்வுவமையிலிருந்தே தன் நூலுக்குத் தலைப்பெடுத்த ஜான் ரஸ்கின், ஊதியத்தின் அறத்தை 1860-ல் ஆராய்ந்தார், காந்தி அதனைச் சர்வோதயமாக வளர்த்தெடுத்தார். திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1891-ல் வெளியிட்ட சுற்றுமடல், இருதரப்பும் உடன்பட்ட கூலியாயினும் அது தொழிலாளியின் எளிய வாழ்வுக்குப் போதாதெனில், ஒப்பந்தத்துக்கும் மேலான இயற்கை நீதி மீறப்படுகிறது என்று அறிவித்தது. தமிழகத்தில் வள்ளலார் 1867-ல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவிப் பசி தீர்ப்பதைச் சமய வாழ்வின் முதற்கடமையாக்கினார். ஆனால் நாள் முழுதும் உழைத்தவரும் தருமச்சாலை வரிசையில் நிற்கும்படியான நிலை வந்தால், அங்கு குறைந்திருப்பது இரக்கமன்று, நீதியே. உரியதைப் பிடித்து வைத்துக்கொண்டு அதில் ஒரு பகுதியை அறக்கொடையாக வழங்குபவரை எந்தச் சமயமும் கொடையாளர் என்று ஒப்புக்கொள்ளாது.

கடன் என்றால் அதற்கு அளவு வேண்டும். 1948-ல் அமைந்த நியாய ஊதியக் குழு, உயிரும் உழைப்புத் திறனும் நிலைக்கப் போதிய குறைந்தபட்ச ஊதியம், கண்ணியமான வாழ்வுக்குரிய வாழ்வூதியம், இரண்டுக்கும் இடைப்பட்ட நியாய ஊதியம் என மூன்று படிகளைப் பிரித்துக்காட்டியது. 1957-ல் கூடிய 15-ஆம் இந்தியத் தொழிலாளர் மாநாடு முதற்படியை எண்களாக்கியது: தொழிலாளி, மனைவி, இரு குழந்தைகள் சேர்ந்த குடும்பம் மூன்று நுகர்வு அலகு, வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை தனியாக, எரிபொருள், விளக்கு முதலிய இதர செலவுகளுக்கு மொத்தத்தில் 20 விழுக்காடு. சென்னையில் ஆலை நடத்திய ரெப்டகோஸ் பிரெட் நிறுவனத் தொழிலாளர் வழக்கில் 1991-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பிள்ளைகளின் கல்வி, மருத்துவம், திருவிழாச் செலவு, முதுமை, திருமணம் ஆகியவற்றுக்காக மேலும் 25 விழுக்காட்டைச் சேர்த்தது. விருந்தும் விழாவும் இல்லாத வாழ்வு மனித வாழ்வாகாது என்பதை ஒரு நீதிமன்றம் விழுக்காட்டுக் கணக்கில் ஒப்புக்கொண்ட இடம் இது.

இந்தக் கணக்கில் குறையும் உண்டு. மூன்று அலகில் தொழிலாளி 1, மனைவி 0.8, குழந்தை ஒவ்வொன்றும் 0.6. வயதான பெற்றோருக்கு இதில் இடமில்லை. உழைப்பவர் ஆண், உடனிருப்பவர் பெண் என்ற அனுமானத்தில் போடப்பட்ட இந்தப் பட்டியல், பெண்ணின் சம்பளத்தில் முழுக்குடும்பமும் நடக்கும் தாம்பரம், பல்லாவரம், பம்மல் வீடுகளுக்குப் பொருந்துவதில்லை. ஒன்றிய அரசு 2020-ல் வெளியிட்ட வரைவு விதிகள் வாடகைக்கு ஒதுக்கியது, உணவுக்கும் துணிக்கும் ஆகும் செலவில் 10 விழுக்காடு. ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கிலும் வாடகைக்கு வீடு தேடிய எவரும் அந்த எண்ணை நம்பமாட்டார். மாத இறுதியில் கையில் வரும் சம்பளச் சீட்டில் அடிப்படை ஊதியம், சென்னை நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணோடு ஏறும் பஞ்சப்படி, பி.எஃப். பிடித்தம் 12 விழுக்காடு, இ.எஸ்.ஐ. பிடித்தம் 0.75 விழுக்காடு ஆகியவை வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். வீட்டுக்காரர் கேட்கும் முன்பணத்துக்கு மட்டும் அதில் இடம் கிடையாது.

குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தினால் வேலை குறையும் என்ற எதிர்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 1992-ல் மணிநேர ஊதியத்தை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியபோது, அண்டை மாநிலத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்த டேவிட் கார்ட், ஆலன் குரூகர் இருவரும் துரித உணவகங்களில் வேலை குறைந்ததற்குச் சான்று இல்லை என்று கண்டனர். வேலை கொடுப்போர் சிலரே இருந்து தேடுவோர் பலராக இருக்கும் சந்தையில் கூலி ஏற்கெனவே இருக்கவேண்டியதைவிடக் கீழே அழுத்தப்பட்டிருக்கும் என்பது இதற்குத் தரப்படும் விளக்கங்களுள் ஒன்று. ஆயினும் ஒரு மாநிலத்தின் உணவகங்களுக்குப் பொருந்தியது, வங்கதேசத்தோடு விலைக்கு விலை போட்டியிடும் ஆடைத் தொழிலுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. குறைந்தபட்ச ஊதியம் தரமுடியாத தொழிலுக்கு இருப்பதற்கே உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 1958-ல் கூறியது அறத்தில் சரி; ஆனால் அந்தத் தொழில் மூடப்படும்போது முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுபவர், யாருக்காக அந்த அறம் பேசப்பட்டதோ அவரே.

இந்த இடத்தில்தான் வரிக்கு உண்மையான நியாயம் கிடைக்கிறது. கண்ணியமான வாழ்வின் முழுச்சுமையையும் சிறுமுதலாளியின் கல்லாப்பெட்டியே தாங்க வேண்டும் என்பதில்லை. அதன் ஒரு பங்கை எல்லோருமாகச் சேர்ந்து தாங்குவதற்குப் பெயர்தான் வரி. டாக்டர் டேவிட் சவுரிமுத்து 1928-ல் தனிமனித முயற்சியாகத் தாம்பரத்தில் தொடங்கிய காசநோய் மருத்துவமனையை 1937-ல் அரசு ஏற்றுக்கொண்டது. கூலித் தொழிலாளியின் நுரையீரலைக் காப்பது கொடையாளரின் ஆயுளோடு முடிந்துவிடாமல் நிலைபெற்றதற்கு அந்த மாற்றம் காரணம். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கிடைக்கும் கட்டணமில்லாப் பயணமும், நியாயவிலைக் கடையின் விலையில்லா அரிசியும், சம்பளச் சீட்டில் அச்சாகாத ஊதியங்களே. ஊதியத்தின் ஒரு பாதியை வேலை கொடுப்பவரும் மறுபாதியை வரி செலுத்துவோரும் தருவதாகக் கொண்டால், அரசைச் சுருக்க வேண்டும் என்போர் தொழிலாளியின் ஊதியத்தில் எந்தப் பாதியைக் குறைக்கிறார்கள் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

அரசின் கை நீள்வதைத் தமிழகத்தில் ஆழமாகச் சந்தேகித்தவர் ராஜாஜி. 1959-ல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய அவர், செல்வர் தம் செல்வத்துக்கு அறங்காவலராக இருக்க வேண்டும் என்ற காந்தியக் கொள்கையை முன்னிறுத்தி, மனச்சாட்சி செய்யவேண்டிய வேலையை உரிமங்களும் அனுமதிகளும் செய்ய முற்பட்டால் அறமும் தளரும், ஊழலும் வளரும் என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கையில் உண்மை உண்டு. எனினும் 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கி, அதனால் இழந்த வருவாய்க்கு ஈடாக 1939-ல் இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தவரும் அவரே. மனச்சாட்சியை மட்டும் நம்பி ஆட்சி நடத்த முடியாது என்பதை அவருடைய ஆட்சியே காட்டியது. அவர் எதிர்கொண்ட தடுமாற்றம் இன்று தலைகீழாகிவிட்டது: மது விற்கும் அரசு நிறுவனமான டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 2023-24-ல் 45,000 கோடி ரூபாயைக் கடந்தது. கூலித் தொழிலாளியின் சட்டைப்பையிலிருந்து மதுவழியாக எடுத்து, அவர் மனைவிக்கு நலத்திட்டமாகத் திருப்பித் தரும் அரசு, பௌதாயனர் கேட்ட காவலைச் செய்கிறதா என்ற வினாவிலிருந்து தப்ப முடியாது.

அரசின் பெருந்தவறு, அது அதிகம் தலையிட்டதில் இல்லை. தன் கடமையைத் தவணை தாண்டவிட்டதில் இருக்கிறது. குறைந்தபட்ச ஊதியத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் மறுஆய்வு செய்ய வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. தமிழ்நாட்டில் தையல் தொழிலுக்கு 2004-க்குப் பின் புதிய ஊதிய அறிவிக்கை 2014 டிசம்பரில்தான் வந்தது. அதை எதிர்த்து உற்பத்தியாளர்கள் வழக்குத் தொடர, சென்னை உயர் நீதிமன்றம் 2016-ல் அரசின் அறிவிக்கையை உறுதி செய்தது. விலைவாசி ஏறிய பன்னிரண்டு ஆண்டுகள் அப்படியே கடந்தன. வரிச் சலுகைக்குக் கெடு தவறாத அரசு, ஊதியத் திருத்தத்துக்குக் கெடு தவறியபோது, 49-ஆம் பிரிவு எதைத் தடுத்ததோ அதையே காலதாமதத்தால் செய்து முடித்தது. தனக்குச் சொந்தமில்லாத கடனை அது தள்ளுபடி செய்தது.

அரசே வேலை கொடுப்பவராகும் இடத்தில் இந்தத் தவறு இன்னும் கூர்மையாகிறது. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. அடுத்த ஆண்டு மாநிலமெங்கும் சொத்து வரி உயர்த்தப்பட்டபோது, தூய்மையும் குடிநீரும் சாலையும் மேம்பட இது தேவை என்று கூறப்பட்டது. அந்தத் தூய்மையைத் தரும் பணியாளரை ஒப்பந்ததாரரின் பெயரில் நிறுத்திவிட்டு, ஊதியத்துக்குத் தாம் பொறுப்பில்லை என்று உள்ளாட்சிகள் கைகழுவ முடியாது என்பதை ஆசிய விளையாட்டு வழக்கின் தீர்ப்பு அன்றே தெளிவாக்கியது: ஒப்பந்ததாரர் தவறினால் வேலையின் உரிமையாளரான அரசே பொறுப்பு. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் இரவும் பகலும் அமர்ந்து, தனியார்மயத்தால் தங்கள் ஊதியம் குறையும் என்று போராடியது இந்தப் பொறுப்பை நினைவூட்டத்தான்.

2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்து, பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது. ஐந்தாண்டு மறுஆய்வு விதி அதிலும் தொடர்கிறது. விதி இருந்தும் கெடு தவறும் என்பதை 2004 முதல் 2016 வரையிலான அனுபவம் காட்டியிருப்பதால், விதியை மட்டும் நம்பியிருப்பதில் பயனில்லை. வரிச் சலுகைகளால் எவ்வளவு வருவாயை விட்டுக்கொடுத்தது என்ற அறிக்கையை ஒன்றிய அரசு ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தோடு வெளியிடுகிறது. எந்தத் தொழிலில் ஊதியத் திருத்தம் எத்தனை ஆண்டு தாமதமாகியுள்ளது, அதனால் தொழிலாளர் இழந்தது எவ்வளவு என்ற கணக்கையும் மாநில அரசு அதுபோல ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். தன் பாக்கியை விட்டுக்கொடுத்ததற்குக் கணக்குக் காட்டும் அரசு, பிறர் பாக்கியை விட்டுக்கொடுத்ததற்கும் கணக்குக் காட்டுவதே முறை.